கண்ணுக்குப் பின்னால் வலி, கோளாறு கழுத்தில்

கேள்வி: வயது 38. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர், பெரும்பாலும் ஒன்றரை ஷிப்ட். ஒரு வருடமாக வலது பிடரியில் தொடங்கும் வலி, மேலேறி வலது கண்ணுக்குப் பின்னால் வந்து நிற்கிறது. சைனஸ் என்று ஆவி பிடித்தேன், கண்ணாடி மாற்றினேன். தினமும் வலி மாத்திரை போட்டால்தான் வேலை ஓடுகிறது. டாக்டர், கழுத்துதான் காரணம், பிசியோதெரபிக்குப் போங்கள் என்கிறார். தலைவலிக்குமா பிசியோதெரபி? கழுத்தில் சொடக்கு எடுப்பவரிடம் போனால் போதும் என்கிறார் மாமியார்.
- வாசகி, திருப்பூர்

பதில்: சொடக்கு எடுப்பவரிடம் தயவுசெய்து போகாதீர்கள். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு குழாய்கள் கழுத்தெலும்புகளின் துளை வழியாகத்தான் ஏறுகின்றன. வெடுக்கென்று திருப்பும்போது அவற்றின் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. அரிதுதான், ஆனாலும் வேண்டாம்.

உங்கள் டாக்டர் சொன்னது சரியாகவே படுகிறது. கழுத்தின் மேல் மூன்று நரம்புகளும், கண், நெற்றிப் பக்கத்து நரம்பும் மூளைத்தண்டில் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. அதனால் கழுத்து மூட்டில் உள்ள வலியை மூளை கண்ணில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. என்னிடம் வந்த ஒரு டெய்லர் அக்கா, பிடரிக்குக் கீழே விரலை வைத்து அழுத்தியதுமே, "இதேதான் மேடம், கண்ணுக்கு வருது" என்றார். எனக்கு அதுதான் பெரிய தடயம். அப்புறம் தாடையை நெஞ்சோடு சேர்த்துத் தலையைத் திருப்பிப் பார்ப்போம். இரண்டு பக்கமும் 40 டிகிரிக்கு மேல் திரும்ப வேண்டும். அந்த அக்காவுக்கு வலது பக்கம் பாதிகூடத் திரும்பவில்லை.

சிகிச்சை என்பது இறுகிய மூட்டைக் கையால் மெதுவாக இளக்குவதும், கழுத்தின் முன்பக்கம் ஆழத்தில் இருக்கும் சிறு தசைகளைப் பழக்குவதும்தான். ஆஸ்திரேலியாவில் இத்தகைய தலைவலி உள்ள 200 பேரிடம் நடந்த ஆய்வு 2002-இல் வெளியானது. ஆறு வார சிகிச்சையில் கிடைத்த பலன் ஒரு வருடம் கழித்தும் நின்றது. ஹாட் பேக் மட்டும் வைத்து அனுப்பினால், "பயிற்சி சொல்லித் தாருங்கள்" என்று கேளுங்கள்.

அந்தப் பயிற்சி இதுதான். மல்லாந்து படுத்து, தலைக்கு அடியில் மடித்த துண்டு வையுங்கள். தலையைத் தூக்காமல், "ஆமாம்" என்பதுபோல் தாடையை மட்டும் லேசாக உள்ளே இறக்கி, 10 விநாடி நிறுத்துங்கள். 10 முறை, காலையும் இரவும். தொண்டைக்குப் பக்கத்தில் கயிறு போல் தசை புடைத்தால் அதிகமாக இழுக்கிறீர்கள், தளர்த்துங்கள். நேரில் ஒருமுறை செய்து காட்டிச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

கம்பெனியில், ஸ்டூல் உங்கள் உயரத்துக்குச் சரியா பாருங்கள். ஊசியைப் பார்க்க முதுகு கூன வேண்டியிருந்தால் சூப்பர்வைசரிடம் சொல்லி மாற்றுங்கள். ஒவ்வொரு பண்டல் முடிந்ததும் தோளை உருட்டி நிமிர்ந்து உட்காருங்கள்.

மாத்திரைதான் எனக்குக் கவலை. மாதத்தில் 15 நாள், சில வகைகளில் 10 நாள் போட்டாலே மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். எப்படிக் குறைப்பது என்று டாக்டரிடம் கேளுங்கள்.

திடீரென்று இதுவரை காணாத தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, பார்வை மங்கல், பேச்சுக் குழறல், கை கால் பலவீனம், இவற்றில் ஒன்று வந்தாலும் பிசியோதெரபிக்குக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். மாமியாரிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.