சோளகத்தில் மன்னாருக்குச் சைக்கிள் பயணம்: புறப்படும் ஊரை மாற்றுங்கள்

கேள்வி: நாங்கள் நாலு சிநேகிதிகள். மூன்று பேர் வேலைக்குப் போகிறோம், ஒருத்தி இன்னும் கம்பஸில் படிக்கிறாள். ஓகஸ்ட் மாதம் ஐந்து நாள் லீவு கிடைக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து மன்னாருக்குச் சைக்கிளில் போக ஆசை. எல்லோரிடமும் இருப்பது கியர் இல்லாத சாதாரண லேடீஸ் சைக்கிள். தலைக்குப் 15,000 ரூபாய்க்கு மேல் போட முடியாது. புதுச் சைக்கிள் வாங்காமல் போகலாமா? எங்கே தங்குவது? வீட்டில் விடமாட்டோம் என்று நிற்கிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது? (வாசகி, கொக்குவில்)

போகலாம், தங்கச்சி. புதுச் சைக்கிள் தேவையில்லை, நீங்கள் சொல்லும் காசும் காணும். ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். ஓகஸ்ட்டில் யாழ்ப்பாணத்தில் ஏறி மன்னாரில் இறங்க வேண்டாம். சைக்கிள்களை மன்னாருக்கு ஏற்றிக்கொண்டு போய், அங்கிருந்து வீட்டை நோக்கி மிதியுங்கள்.

மே தொடங்கிச் செப்டெம்பர் வரை எங்கள் பக்கம் அடிப்பது சோளகக் காற்று. தென்மேற்கிலிருந்து வரும். சங்குப்பிட்டிப் பாலம் தாண்டி, பூநகரியால் மன்னாருக்குப் போகும் ஏ32 வீதியும் தெற்கும் தென்மேற்குமாகத்தான் இறங்குகிறது. அப்படியென்றால் நாள் முழுக்கக் காற்று முகத்தில். ஒதுங்க மதில் இல்லை, நிழலுக்கு மரம் கூடப் பல இடங்களில் இல்லை. வெளியும் உப்புத் தரையும்தான். காற்றில்லாத நாளில் உங்கள் சைக்கிள் மணிக்கு 12 கிலோமீற்றர் ஓடும். எதிர்க்காற்றில் 8 ஓடினாலே பெரிது. 50 கிலோமீற்றரை நாலு மணித்தியாலத்தில் முடிக்க வேண்டியவர்கள் ஆறு மணித்தியாலத்துக்கு மேல் வெயிலில் நிற்பீர்கள். தண்ணீர் கூட வேண்டும், சாப்பாடு கூட வேண்டும், போய்ச் சேர ஏலாமல் ஒரு இரவு கூடத் தங்க வேண்டிவரும். குறைந்த காசுப் பயணம் கைமீறிப் போவது இப்படித்தான்.

இது நான் பட்டுத் தெரிந்தது. பல வருசத்துக்கு முன் ஐந்து பேர் ஜூலை மாதம் இதே வீதியில் தெற்கே இறங்கினோம். பூநகரி தாண்டி 20 கிலோமீற்றர் போக மூன்று மணித்தியாலம் எடுத்தது. ஒருத்திக்கு வெயில் தலைக்கேறி வாந்தி. வழியில் வந்த பட்டா என்ற சின்ன லொறி ஒன்றை மறித்து, சைக்கிள்களையும் எங்களையும் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். மிச்சமிருந்த காசு முழுவதும் அந்த வாடகைக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து பெண்கள் குழுவோடு எங்கே போனாலும் முதலில் காற்றைப் பார்ப்பேன். வரைபடம் பிறகுதான்.

அதனால் போகும்போதே பட்டாவில் ஏற்றிவிடுங்கள். நாலு சைக்கிளும் ஒன்றில் அடங்கும், சாரதிக்குப் பக்கத்தில் பெரியவர் ஒருவர் போகட்டும், நீங்கள் பஸ்ஸில் போகலாம். மன்னாரிலிருந்து யாழ்ப்பாணச் சந்தைக்குச் சரக்கு இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் வாகனம் கிடைத்தால் வாடகை நன்றாகக் குறையும். ஒரு கிழமைக்கு முன்பே சந்தையில் விசாரியுங்கள். பட்டா சரிவராவிட்டால் இன்னொரு வழி: ரயிலில் சைக்கிளைப் பார்சலாகப் போட்டு வவுனியாவில் இறங்கி, ஏ9 வீதியால் வீட்டுக்கு வருவது. முதல் நாளே ஸ்ரேசனுக்குப் போய்ப் பார்சல் எடுக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஏ9இல் கடையும் ஊரும் கூட, ஆனால் பஸ்களின் வேகமும் கூட. ஆனையிறவு வெளியில் சோளகம் இடப்பக்கத்தால் அடித்து உங்களை நடு வீதிக்குத் தள்ளும். முதல் பயணத்துக்கு நான் ஏ32ஐத்தான் சொல்வேன். ஜனவரி, பெப்ரவரியில் லீவு கிடைத்தால் எல்லாம் தலைகீழ்: வாடைக்காற்று முதுகில் இருக்கும், நீங்கள் முதலில் ஆசைப்பட்டபடியே இங்கிருந்து மன்னாருக்கு மிதிக்கலாம்.

வழி நூறு கிலோமீற்றரைத் தாண்டும். மிதிப்பதை மூன்று நாளாகப் பிரியுங்கள். முதல் நாள் மன்னாரில் சைக்கிள்களை இறக்கி, கோட்டையையும் பள்ளிமுனைப் பெருக்கு (பாவோபாப்) மரத்தையும் பார்த்துவிட்டு வேளைக்குப் படுங்கள். இரண்டாம் நாள் விடிந்ததும் பாலம் கடந்து திருக்கேதீச்சரம், பிறகு விடத்தல்தீவு, இலுப்பைக்கடவை, வெள்ளாங்குளம் வழியாக முழங்காவில் பக்கம். ஏறத்தாழ பாதிவழி அது. மூன்றாம் நாள் பூநகரி மட்டும், நாலாம் நாள் சங்குப்பிட்டியால் வீடு. ஐந்தாம் நாளை எதற்கும் கணக்கில் எடுக்க வேண்டாம். காய்ச்சலுக்கோ, உடைந்த சைக்கிளுக்கோ, இன்னும் ஒரு இரவு இருந்துவிட்டுப் போகச் சொல்லும் ஒரு மாமிக்கோ அது தேவைப்படும்.

காலை வெளிச்சம் வந்ததும் புறப்பட்டு, பத்தரைக்கு எங்கேயாவது நிழலில் ஒதுங்குங்கள். மூன்றரைக்குத் திரும்ப ஏறி, இருட்ட முன் தங்குமிடத்தில் இருக்க வேண்டும். இருட்டில் வீதியில் மாடுகள் படுத்திருக்கும், பற்றைப் பக்கங்களில் யானையும் வரலாம். யார் மெதுவாக மிதிக்கிறாரோ அவர் முன்னுக்குப் போகட்டும். வேகமானவர் கடைசியில், பம்பையும் ஒட்டுச் சாமானையும் வைத்துக்கொண்டு வரட்டும்.

இனிச் சைக்கிள். எங்கள் பிள்ளைகள் பலர் இரண்டு காலும் நிலத்தில் படுமளவுக்கு சீற்றைத் தாழ்த்தி ஓடுகிறார்கள். ரியூசனுக்குப் போக அது காணும். 50 கிலோமீற்றருக்கு முழங்கால் தாங்காது. மதிலைப் பிடித்துக்கொண்டு சைக்கிளில் இருங்கள், ஒரு பெடலை அடியில் விட்டுக் குதிக்காலை அதன் மேல் வையுங்கள். கால் நேராக நிமிர வேண்டும். மடங்கி நின்றால் சீற்றை உயர்த்துங்கள். ஒரேயடியாக அல்ல, ஒரு விரல் தடிப்பு, இரண்டு நாள் ஓட்டம், பிறகு இன்னொரு விரல் தடிப்பு. நிறுத்தும்போது முதலில் பயமாக இருக்கும். சீற்றிலிருந்து முன்னால் இறங்கி ஒரு காலை ஊன்றப் பழகினால் சரி.

பின் சில்லின் பிறீவீலில், அதாவது செயின் ஓடும் பற்சில்லில், பல் எண்ணிப் பாருங்கள். 18 இருந்தால் 20 அல்லது 22 பல் உள்ளதை மாற்றித் தரச் சொல்லுங்கள். செயினில் ஒன்றிரண்டு கண்ணி கூடப் போட வேண்டிவரலாம். கால் கொஞ்சம் கூடச் சுற்றும், பாரம் குறையும். புதுக் கியர் சைக்கிளோடு பார்த்தால் இதற்கு ஆகும் செலவு ஒன்றுமே இல்லை. பிறேக் கட்டைகள் நாலும் புதிதாக இருக்கட்டும்.

ஒட்டுப்போட நாலு பேரும் பழக வேண்டும், ஒருத்திக்குத் தெரிந்தால் போதாது. உங்கள் ஒழுங்கைச் சைக்கிள் கடைக்காரரிடம் ஒரு பின்னேரம் போய் நின்று, அவர் பார்த்திருக்க நீங்களே கழற்றிப் பூட்டுங்கள். அந்தப் பக்கம் உடைமர முள் குத்தும். ரியூபை ஒட்டிய பிறகு ரயரின் உள்பக்கத்தை ஒரு துணியால் சுற்றித் தடவுங்கள். முள் நுனி உள்ளே நின்றால் துணி கொழுவும். அதைப் பார்க்காமல் பூட்டினால் அரைக் கிலோமீற்றரில் திரும்பக் காற்றுப் போகும். இன்னொன்று, வால் ரியூப். காற்றடிக்கும் வாலின் (வால்வின்) மேல் போடும் அந்தச் சின்ன இறப்பர் குழாய் வெயிலில் வெந்து வெடிக்கும். ரியூபில் ஓட்டையே இல்லாமல் காற்று இறங்குகிறதென்றால் முதலில் அதைப் பாருங்கள். விரல் நீளத் துண்டு ஒன்று நாலு சைக்கிளுக்கும் காணும், விலை மிட்டாய்க் காசு. ஏ32இல் கடைக்குக் கடை பல கிலோமீற்றர் தூரம் என்பதால் இதை வீட்டில் மறந்தால் நடைதான்.

பைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். கழுவிக் காயவைத்த இரண்டு உரப்பையை ஒன்றாகத் தைத்துக் கரியரின் இரு பக்கமும் தொங்கவிட்டு, பழைய ரியூபை நாடாவாக வெட்டி இறுக்கிக் கட்டுங்கள். பஞ்சாபி போடுகிறவர்கள் துப்பட்டாவை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அது சில்லில் சுற்றி விழுந்தவர்களை நான் தூக்கியிருக்கிறேன். தையல் தடிப்பில்லாத பருத்தி உள்ளாடை, தொடை உரசும் இடத்தில் காலையில் கொஞ்சம் தேங்காயெண்ணெய். மாதவிடாய் நாள் வந்தாலும் பயணத்தை நிறுத்த வேண்டியதில்லை. நாலு பேருக்கும் காணுமளவு பாட் ஒரே பையில் இருக்கட்டும், பாவித்ததைச் சுற்றப் பழைய பேப்பரும் மூடியுள்ள ஒரு ரின்னும் கொண்டுபோங்கள். அந்த நாளில் தூரத்தைப் பாதியாக்குங்கள், அவ்வளவுதான்.

கழிவறைக்குப் பெற்றோல் செட், தேவாலயம், கோவில், வீட்டு முற்றத்தில் நிற்கும் அம்மா ஒருவர், இந்த வரிசையில் கேளுங்கள். பற்றைக்குள் இறங்க வேண்டாம். வெட்கத்துக்காகச் சொல்லவில்லை. இது போர் நடந்த நிலம். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் வீதியை விட்டு ஒரு அடியும் வைக்கக்கூடாது. பலகை இல்லாத இடத்திலும் ஆட்கள் நடந்து தேய்ந்த பாதையில் மட்டும் போங்கள்.

காசுக் கணக்கை நான் இப்படிப் போடுவேன். நாலு பேருக்கும் சேர்த்து 60,000. வாகனத்துக்கு 20,000க்கு மேல் கொடுக்க வேண்டாம். சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் 22,000. மன்னாரில் ஓர் இரவு நாலு பேரும் ஒரே அறையில் என்றால் 8,000. மிச்சம் 10,000 ஒருத்தியின் கையில், தொடாமல். மற்ற இரண்டு இரவும் வீடுகளில். முழங்காவிலிலும் பூநகரியிலும் சொந்தக்காரர் இல்லையென்றா நினைக்கிறீர்கள்? நாலு வீட்டிலும் அம்மாமாரைக் கூட்டிவைத்துக் கேளுங்கள். கூடப் படித்த ரீச்சரோ, சித்தப்பாவின் சம்பந்தியோ யாராவது ஒருவர் வெளியே வருவார். போகும் வீட்டுக்கு வெறுங்கையோடு போகாமல் ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு பெட்டி பனங்கட்டி. அறை எடுத்தால் வீட்டுக்காரப் பெண்ணோடு கதையுங்கள், கதவுக்கு உள்பக்கம் பூட்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

காலையில் பாணும் சம்பலும் கட்டிக்கொண்டு ஏறுங்கள். வழியில் எள்ளுப்பாகு, கச்சான், பனங்கட்டிக் குட்டான். இவை வெயிலில் பழுதாகாது, பசி வரும் முன் கொஞ்சம் கொஞ்சமாகக் கடிக்கலாம். தண்ணீர் ஆளுக்கு நாலு லீற்றர், அதில் ஒரு போத்தலில் ஜீவனி (உப்பும் சீனியும் சேர்ந்த தூள்) கரைத்தது. தலையிடியும் குளிரும் ஒன்றாக வந்தால் அது வெயில் பிடித்ததன் அறிகுறி. உடனே நிழல், ஈரத்துணி, அன்றைய ஓட்டம் முடிந்தது. இலவச அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119, பெண்களுக்கான உதவி எண் 1938, மூன்றையும் போனில் மட்டும் வைக்காமல் ஒரு தாளிலும் எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்டார் விடயம். அம்மாவோடு வாதாட வேண்டாம். 1990களில் அவர் எங்கே, எப்படிப் போய்வந்தார் என்று கேளுங்கள். பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாத காலத்தில் இந்தக் குடாநாடே சைக்கிளில்தான் ஓடியது. டைனமோவைச் சுற்றித்தான் றேடியோ கேட்டார்கள். கிளாலிக் கடலைச் சைக்கிளோடு வள்ளத்தில் கடந்து, வன்னிக்குள்ளால் வவுனியா மட்டும் போன பெண்கள் எத்தனையோ பேர். உங்கள் அம்மாவோ பெரியம்மாவோ அவர்களில் ஒருவராக இருக்கலாம். அவருக்கிருப்பது உண்மையான பயம், அதை மதியுங்கள். எந்த நேரம் எங்கே நிற்பீர்கள், யார் வீட்டில் படுப்பீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். தினமும் மூன்று தரம் அழைப்பதாகச் சொன்னால் மூன்று தரமும் அழையுங்கள். பட்டாவில் சைக்கிளோடு போகும் அந்தப் பெரியவராக அப்பாவையே கேட்டுப் பாருங்கள். மன்னார் அறையின் கதவை அவர் தன் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்பினால் வீட்டில் பாதிப் பிரச்சினை தீரும்.

இதையெல்லாம் ஒழுங்கு செய்யும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பண்ணைப் பாலத்தால் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போய் வாருங்கள். போக வர 60 கிலோமீற்றர் அளவில் வரும். சாமான் முழுவதையும் கட்டிக்கொண்டு போங்கள். வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் நடுவில் கடலுக்குள் கிடக்கும் வீதியில் சோளகம் எதிரே அடிக்கும்போது, நான் சொன்ன 8 கிலோமீற்றர் என்னவென்று கால்களுக்குத் தெரியும். திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் நிற்கும். இறங்குதுறையில் ஒரு சைக்கிளை வேண்டுமென்றே காற்று இறக்கி, ரியூபைக் கழற்றிப் பூட்டிப் பாருங்கள். திங்கட்கிழமை காலை நாலு பேரும் முழங்கால் நோவில்லாமல் படியிறங்கினால் பட்டாக்காரருக்குப் போன் எடுக்கலாம்.