300 குதிரைத்திறனும் அதற்கு மேலும் உள்ள அவுட்போர்டுகளில் (படகின் பின்னால் மாட்டும் எஞ்சின்கள்) க்ரூசிங் வேகத்தில், அதாவது வழக்கமாகச் சீராக ஓட்டும் வேகத்தில், எது குறைவாகப் பெட்ரோல் குடிக்கும்?

கேள்வியில் ஒரு கூடுதல் வரியும் இருக்கிறது: "4000 ஆர்பிஎம்மில் மணிக்கு இத்தனை லிட்டர் என்று ஆளுக்கொரு கணக்கு சொல்கிறார்கள், எதை நம்புவது?"

எதையும் நம்ப வேண்டாம். ஆர்பிஎம்மை (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றுகள்) வைத்து இரண்டு எஞ்சினை ஒப்பிடுவதே தப்பு. சுசூகி டிஎஃப்350ஏ-வின் கியர் விகிதம் 2.29, யமஹா எஃப்300 வி6-இல் 1.75. இரண்டும் 4000-இல் ஓடும்போது முதலாவதன் ப்ரொப்பல்லர் நிமிடத்துக்குச் சுமார் 1750 சுற்று, இரண்டாவதில் சுமார் 2290. போதாததற்கு சுசூகியில் எதிரெதிராகச் சுழலும் இரண்டு ப்ரொப்பல்லர்கள். மெர்குரியின் வி12 600-இல் இரண்டு வேக ஆட்டோமேட்டிக் கியரே இருக்கிறது. அங்கே ஆர்பிஎம் எண்ணுக்குத் தனியாக அர்த்தமே கிடையாது.

பார்க்க வேண்டியது ஒரு கடல் மைலுக்கு எத்தனை லிட்டர் என்பதுதான். மணிக்கு எரியும் லிட்டரை நாட் வேகத்தால் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வகுத்தால் கிடைத்துவிடும். ஓர் எஞ்சின் 24 நாட்டில் 36 லிட்டர் எரிக்கிறது, இன்னொன்று 29 நாட்டில் 42 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். மீட்டரைப் பார்த்தால் முதலாவதுதான் சிக்கனம். வகுத்துப் பார்த்தால் முதலாவது 1.50, இரண்டாவது 1.45. ஆனால் இதையும் தீர்ப்பாக எடுக்காதீர்கள். இரண்டும் ஒரே வேகத்தில் இல்லை. இரண்டையும் 26 நாட்டில் ஓட்டி அளந்தால்தான் நேர்மையான ஒப்பீடு.

பலருக்கும் பிடிபடாத விஷயம் இன்னொன்று. படகு 26 நாட்டில் போக ஒரு குறிப்பிட்ட குதிரைத்திறன் வேண்டும், அவ்வளவுதான். எஞ்சின் மூடியில் 300 என்று எழுதியிருந்தாலும் 450 என்று எழுதியிருந்தாலும் தண்ணீருக்குத் தெரியாது. நல்ல நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் ஒரு குதிரைத்திறனை ஒரு மணி நேரம் தர ஏறக்குறைய 0.3 லிட்டர் எரிக்கும். படகுக்கு 130 குதிரைத்திறன் தேவை என்றால் 39 லிட்டர் பக்கம் வரும், எந்தக் கம்பெனியாக இருந்தாலும். அதே வேலைக்கு 25 லிட்டர்தான் என்று யாராவது சொன்னால், மீட்டரையோ சொன்னவரையோ சந்தேகப்படலாம்.

அப்படியானால் வித்தியாசம் எங்கே வருகிறது? காற்றும் பெட்ரோலும் சேரும் கலவையில். நடுத்தரச் சுமையில் ஈசியூ (எஞ்சினின் கட்டுப்பாட்டுக் கணினி) ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துக்கொண்டே கலவையை மெலிதாக வைத்திருக்கும். சுசூகியின் லீன் பர்ன், மெர்குரி வி8-களின் ரேஞ்ச் ஆப்டிமைசேஷன் இரண்டும் வேலை செய்வது இந்த இடத்தில்தான். சுமை ஒரு அளவைத் தாண்டியதும் சிலிண்டரைக் குளிர்ச்சியாக வைத்துக்கொள்ள கூடுதல் பெட்ரோலைக் கொட்டும். அந்த எல்லையைத் தாண்டினால் வேகம் ஒரு நாட்தான் கூடியிருக்கும், எரிபொருள் குபீரென்று ஏறியிருக்கும். கனமான படகில் சின்ன எஞ்சினைப் போட்டு முறுக்கினால் பெரிய எஞ்சினைவிட அதிகம் குடிப்பதற்கு இதுதான் காரணம். லேசான படகில் பெரிய எஞ்சினைத் தொங்கவிட்டால் கதை தலைகீழ்: மெர்குரியின் 450ஆர் சுமார் 313 கிலோ, வி12 சுமார் 572 கிலோ. அந்த எடையைப் பின்பக்கம் சுமந்துகொண்டு பிளேனிங்கில் (படகு எழும்பி நீரின் மேல் சறுக்கும் நிலை) நிற்பதற்கே பெட்ரோல் போகும்.

ப்ரொப்பல்லரைச் சரிபார்க்காமல் எஞ்சினைக் குறை சொல்லாதீர்கள். ப்ரொப்பல்லர் தண்ணீரில் வழுக்கி இழக்கும் வேகம்தான் ஸ்லிப். அதன் கணக்கு இது: ஆர்பிஎம்மை பிட்ச் அங்குலத்தால் (வழுக்காமல் ஒரு சுற்றில் ப்ரொப்பல்லர் முன்னேறும் தூரம்) பெருக்கி, கியர் விகிதத்தாலும் 1215-ஆலும் வகுத்தால் கோட்பாட்டு வேகம் நாட்டில் வரும். 4000 ஆர்பிஎம், 19 பிட்ச், 1.75 விகிதம் என்றால் 35.7 நாட். ஜிபிஎஸ் 31 காட்டினால் ஸ்லிப் 13 சதவீதம், ஏற்கத்தக்கது. 25 சதவீதம் வந்தால் எஞ்சின் மிக உயரத்தில் மாட்டியிருக்கலாம், பிளேடு அடிபட்டிருக்கலாம், அல்லது படகின் அடியில் பாசியும் சிப்பியும் ஏறியிருக்கலாம்.

வழக்கமான சுமையோடு முழு த்ராட்டிலில் எஞ்சின் அதன் ஆர்பிஎம் மேல்வரம்புக்கு அருகே போகிறதா என்றும் பாருங்கள். போகாவிட்டால் பிட்ச் அதிகம். ஓர் அங்குலம் குறைத்தால் ஏறக்குறைய 200 ஆர்பிஎம் கூடும். பெரிய பிட்ச் போட்டால் க்ரூசிங்கில் மீட்டர் அழகாகக் குறைந்து காட்டும், அதுதான் ஆசை காட்டும் இடம். டேங்கை நிரப்பி நாலு பேர் ஏறியதும் த்ராட்டில் இன்னும் திறந்தாக வேண்டும், பெட்ரோல் கூடிய கொழுத்த கலவைப் பக்கம் தள்ளிவிடும், லாபம் போய்விடும்.

அளக்கும் முறை: டேங்க் பாதி, ஆட்கள் அதே எண்ணிக்கை, ஆழமான தண்ணீர். 1000 ஆர்பிஎம்மிலிருந்து 500 500-ஆக ஏற்றி, ஒவ்வொன்றிலும் வேகம் நிலைக்கும்வரை ஒரு நிமிடமாவது நில்லுங்கள். அதே பாதையில் திரும்பி வந்து சராசரி எடுங்கள், இல்லாவிட்டால் நீரோட்டம் ஏமாற்றும். ஒவ்வொரு படியிலும் மூக்கு தத்தளிக்கத் தொடங்கும் வரை ட்ரிம்மை (எஞ்சினின் சாய்வு) வெளியே தள்ளி, பிறகு சற்று உள்ளே இழுங்கள். பிளேனிங்குக்கு ஏறும் கூனில், அதாவது மூக்கு தூக்கிக்கொண்டு திணறும் கட்டத்தில், கடல் மைல் கணக்கு மிக மோசமாக இருக்கும். அந்த வேகத்தில் யாரும் ஓட்டுவதில்லை, ஒப்பீட்டில் சேர்க்காதீர்கள்.

திரையில் வரும் லிட்டர், இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதிலிருந்து ஈசியூ போடும் மதிப்பீடு. அதைத் திருத்தாமல் பயன்படுத்தக் கூடாது. டேங்கை நிரப்பி, கணக்கைப் பூஜ்யமாக்கி, 200 லிட்டர் அளவுக்கு ஓட்டிவிட்டு, அதே இடத்தில் படகு அதே மட்டத்தில் நிற்க மீண்டும் நிரப்புங்கள். குழாயில் நுரை அடங்கும்வரை பொறுங்கள். திரை 186 என்று சொல்லி பம்பில் 200 போயிருந்தால், எல்லா அளவையும் 1.075-ஆல் பெருக்க வேண்டும். இந்த ஏழு சதவீதம், இன்று விற்கும் இரண்டு நல்ல எஞ்சின்களுக்கு நடுவே உள்ள வித்தியாசத்தையே விழுங்கிவிடக் கூடியது.

கம்பெனி வெளியிடும் சோதனை அட்டவணைகளைப் படிக்கும்போது கேலன் அமெரிக்க அளவா (3.785 லிட்டர்), பிரிட்டிஷ் அளவா (4.546) என்று பாருங்கள். வேகம் மைலிலா நாட்டிலா என்றும் பாருங்கள். இரட்டை எஞ்சின் படகு என்றால் அந்த எண் ஒன்றுக்கா இரண்டுக்குமா என்பது பெரும்பாலும் அடிக்குறிப்பில் பொடி எழுத்தில் இருக்கும்.