மேடை ஓரம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: போன மாதம் செந்தூலில் ஒரு பரிசோதனை நாடகத்துக்கு மகள் கூட்டிப்போனாள். நடிகர்கள் எல்லாரும் ஒழுங்காகத்தான் உடுத்தியிருந்தார்கள், ஆனால் பின்னால் தொங்கிய வெள்ளைத் துணியில் ஒரு பெண்ணின் வெற்று முதுகு படமாகப் பத்தடி உயரத்துக்கு விழுந்தது. எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நிகழ்ச்சித் தாளையே திரும்பத் திரும்பப் படித்தேன். இதெல்லாம் நாடகத்துக்குத் தேவையா? (ஓர் அம்மா, ஈப்போ சாலை)

பதில்: நிகழ்ச்சித் தாளை நானும் அப்படிப் படித்திருக்கிறேன் அம்மா, விளம்பரம் உட்பட. அந்த நாடகத்துக்கு அது தேவையா என்று பார்க்காமல் சொல்ல முடியாது. ஆனால் வழக்கம் பழையது. மேடையில் படம் ஓட்டுவதை 1920களிலேயே பெர்லினில் எர்வின் பிஸ்காட்டர் என்ற நாடக இயக்குநர் செய்துவிட்டார், முதல் உலகப் போரின் நிஜப் படச்சுருளை நடிகர்களோடு சேர்த்தே காட்டினார். உடம்பின் கதை இன்னும் வேடிக்கை. லண்டனில் விண்ட்மில் என்றொரு அரங்கில் பெண்கள் ஆடையில்லாமல் சிலை மாதிரி நிற்கலாம், அசைந்தால்தான் குற்றம்! நாடகங்களுக்கு அப்படி விதி போட்ட தணிக்கை அதிகாரம் 1968 செப்டம்பரில் ஒழிந்தது, மறுநாளே 'ஹேர்' நாடகம் லண்டனில் அரங்கேறியது. அதே ஆண்டு நியூயார்க்கின் பிராட்வேயில் அந்த நாடகத்தின் நிர்வாணக் காட்சி எப்படி என்றால், நடிகர்கள் அசையாமல் நிற்க, மங்கிய வெளிச்சத்தில் அவர்கள் உடம்பின் மேல் பூ வடிவ ஒளி விழும். அவிழ்ப்பதும் அவிழ்க்காததும் அவரவர் விருப்பம். இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த கேள்விக்கு வேண்டும்.

கேள்வி: பினாங்கில் கல்லூரி நாடகக் குழுவில் இருக்கிறேன், வயது 21. ஒரு காட்சிக்கு மேலாடை இல்லாமல் என் முதுகை வீடியோ எடுத்துத் திரையில் காட்டலாம் என்கிறார் இயக்குநர். "நேரில் இல்லையே, படம்தானே" என்கிறார். சம்மதிக்கலாமா அண்ணே? (ஒரு மாணவி)

பதில்: அந்தப் "படம்தானே"தான் எனக்கு எரிச்சலூட்டுகிறது, தங்கச்சி. மேடையில் நேரில் நிற்கிறவருக்கு ஒவ்வொரு ராத்திரியும் ஒரு முடிவு கையில் இருக்கிறது. இன்றைக்கு மனசு ஒப்பவில்லை, முன்வரிசையில் சித்தப்பா உட்கார்ந்திருக்கிறார், வேண்டாம் என்றால் வேண்டாம். படத்துக்கு அந்த வாய் கிடையாது. அது ஒரு பென் டிரைவில் இருக்கும், பிறகு ஒளி ஒலி பார்க்கும் பையனின் லேப்டாப்பில் இருக்கும், அப்புறம் ஒத்திகைக்கு வசதி என்று யாராவது வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள், நீ குழுவைவிட்டுப் போய் கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகும் அது எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கும்.

நம் மலேசியத் தண்டனைச் சட்டத்தையும் ஒருமுறை பார். பொது இடத்தில் ஆபாசமான செயலுக்கு 294ஆம் பிரிவு, அதிகபட்சம் 3 மாதச் சிறை. ஆபாசமான படத்தைப் பொதுவில் காட்டவோ பரப்பவோ செய்தால் 292ஆம் பிரிவு, 3 ஆண்டு வரை. உன் முதுகு ஆபாசம் என்று நான் சொல்லவில்லை, பயமுறுத்தவும் இல்லை. படம் லேசான சமாசாரம் என்று உன் இயக்குநர் நினைப்பது மாதிரி சட்டம் நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

காட்சி அவசியம் என்றால் அவரிடம் ஒரு வழி சொல். துணிக்குப் பின்னால் ஒரே ஒரு விளக்கை வைத்து, நடுவில் உடம்போடு ஒட்டிய தோல்நிற உடையில் நீ நில். பார்க்கிறவருக்கு வெறும் உருவக்கோடுதான் தெரியும், விளக்குப் பக்கம் நகர்ந்தால் நிழல் துணி முழுக்க வளரும், துணிப் பக்கம் வந்தால் உன் அளவுக்குச் சுருங்கும். தோல்பாவைக்கூத்துக்காரர்களும் வாயாங் கூலிட் என்ற மலாய் நிழற்கூத்தை ஆட்டுகிற டாலாங்குகளும் காலங்காலமாகச் செய்கிற வித்தைதான். விளக்கை அணைத்தால் ஒன்றும் மிஞ்சாது. இதற்கும் அவர் ஒப்பவில்லை, கேமராதான் வேண்டும் என்றால், காட்சி யாருக்காக என்று நீயே யோசித்துக்கொள்.

கேள்வி: வெள்ளைக்காரன் கழற்றினால் நாமும் கழற்ற வேண்டுமா? தமிழ் மேடையில் இது உண்டா? (ஒரு வாசகர், கிள்ளான்)

பதில்: ஐயா, துகில் உரிதல் யார் வீட்டுக் கதை? தெருக்கூத்தில் ராத்திரி முழுக்க ஊர் உட்கார்ந்து பார்ப்பது அதைத்தான். உடம்பு தெரியாது, சேலைதான் வளரும். பல ஊர்களில் அந்தக் கட்டத்துக்குக் கற்பூரம் காட்டுவார்கள். அவ்வளவு பயம், அவ்வளவு மரியாதை.

வெள்ளைக்காரனை விடுங்கள், மணிப்பூரைப் பாருங்கள். 2000ஆம் ஆண்டில் கன்ஹைலால் இயக்கிய 'திரௌபதி' நாடகத்தில், ராணுவத்திடம் சிக்கிச் சீரழிக்கப்பட்ட பெண்ணாக நடித்த சாவித்திரி, அதிகாரி முன்னால் ஆடையைக் களைந்துவிட்டு நின்றார். அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கடுமையாகத் திட்டினார்கள். 2004 ஜூலையில் அசாம் ரைபிள்ஸ் படையினர் பிடித்துப்போன மனோரமா என்ற பெண் கொல்லப்பட்டபோது, அதைக் கண்டித்து இம்பாலில் காங்லா கோட்டை வாசலில் 12 தாய்மார்கள் நிஜமாகவே அப்படி நின்றார்கள். நாடகத்தைப் பார்த்துத்தான் நின்றார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அதற்குப் பிறகு அந்தக் காட்சியை யாராலும் பழைய கண்ணோடு பார்க்க முடியவில்லை. இதில் நகல் எங்கே இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் நாடகத்தில் புரொஜெக்டர் படம் வெளிறித் தெரிகிறது. என்ன செய்யலாம்? (ஒரு குழுவினர், பிரிக்பீல்ட்ஸ்)

பதில்: மேடை விளக்கை முன்னாலிருந்து அடிக்காதீர்கள், பக்கவாட்டிலிருந்து அடியுங்கள், நடிகரைத் திரையிலிருந்து ஆறேழு அடி தள்ளி நிறுத்துங்கள். இன்னொன்று, புரொஜெக்டருக்குக் கறுப்பு தெரியாது. கறுப்புப் படம் போட்டாலும் திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு சதுரம் விழும். காட்சி முடிந்ததும் லென்ஸ் முன்னால் ஓர் அட்டையை வைத்து மறையுங்கள். நாங்கள் பிஸ்கட் டின் மூடியை வைத்தோம்.