திரைப்படம், இலக்கியம், நாடகம் மூன்றையும் ஒரே பட்டப்படிப்பாகப் படிக்கலாமா?

‘மூன்றையும் சேர்த்துப் படித்தால் எதிலும் ஆழம் இருக்காது, ஏதாவது ஒன்றை மட்டும் எடு என்கிறார்கள். இது உண்மையா? படித்து முடித்தால் என்ன வேலைக்குப் போவது?’ என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றையும் ஒரே பட்டத்துக்குள் படித்தவன் நான். தாராளமாகப் படிக்கலாம். ஆனால் சேரப்போகும் இடத்தில் இந்த மூன்று பாடங்களும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றனவா என்று முதலில் பாருங்கள். பேசிக்கொள்ளாத இடத்தில் சேர்ந்தால், உங்களை எச்சரிப்பவர்கள் சொல்வதுதான் நடக்கும். மூன்று துறைகளின் அறிமுகப் பாடங்களை அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு வெளியே வருவீர்கள்.

பேசிக்கொள்வது என்றால் என்ன என்பதை எங்களுக்குத் தந்த ஒரு பயிற்சியை வைத்துச் சொல்கிறேன். ஒரு பெண்ணுக்குக் கடிதம் வருகிறது. படிக்கிறாள். அடுத்த அறையிலிருந்து யாரோ வரும் சத்தம் கேட்டதும் ஒளித்துவைக்கிறாள். அவ்வளவுதான் கதை. ஒரு குழு அதைச் சிறுகதையாக எழுத வேண்டும், ஒரு குழு மேடையில் நிகழ்த்த வேண்டும், ஒரு குழு படமாக்க வேண்டும்.

எழுதிய குழுவுக்கு வேலை சுலபமாகத் தெரிந்தது. ‘அவள் எதிர்பார்த்ததுதான்’ என்று இரண்டே சொற்களில் அவள் மனதுக்குள் போய்விட்டார்கள். கடிதத்தைப் பிரிப்பதற்கும் மடிப்பதற்கும் நடுவில் பத்து வருடக் கதையைச் சொல்லவும் அவர்களுக்கு இடம் இருந்தது. மேடைக் குழு அங்கேயே திணறியது. கடிதத்தின் எழுத்து முன்வரிசைக்கே தெரியாது. உரக்கப் படிக்க வைத்தால் பொய்யாகப்பட்டது. கடைசியில் கடிதத்தில் என்ன இருக்கிறது என்பதையே விட்டுவிட்டார்கள். நடித்த பெண் பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டி நின்று படித்தாள். சத்தம் கேட்டதும் தோள் இறுகியது. அறையில் இருந்த எல்லோரும் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தோம். படக்குழுவுக்கு வந்த சிக்கல் வேறு. முகத்தைக் காட்டிவிட்டுக் கடிதத்தைக் காட்டுவதா, கடிதத்தைக் காட்டிவிட்டு முகத்தைக் காட்டுவதா? எடுத்த ஷாட்டுகள் அதேதான், வரிசையை மட்டும் மாற்றினார்கள். முதல் வரிசையில் அவள் ஏமாற்றப்பட்டவளாகத் தெரிந்தாள், இரண்டாவதில் ஏமாற்றுகிறவளாக.

படத்தொகுப்புக்கு இப்படி ஒரு வலிமை உண்டு என்பதைச் சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பே செய்து காட்டினார் என்று திரைப்பட வகுப்பில் சொல்லித் தருவார்கள். ஒரே நடிகரின் உணர்ச்சியற்ற முகத்தை வெவ்வேறு ஷாட்டுகளோடு ஒட்டியபோது, பார்த்தவர்கள் அதில் வெவ்வேறு உணர்ச்சிகளைக் கண்டார்களாம். திரைப்படம் மட்டும் படிக்கிறவருக்கு அது குறிப்பேட்டில் ஒரு வரி. அதே வாரம் நாடக வகுப்பில் உடம்பு முழுவதையும் வைத்து ஒரு உணர்ச்சியைக் கடைசி வரிசைவரை கொண்டுபோகப் போராடியவருக்கு, சும்மா இருந்த முகம் திரையில் எப்படிப் பேசியது என்பது பெரிய கேள்வியாகிவிடும். ஆழம் என்று நான் சொல்வது இதைத்தான். ஒரு கலைக்குள் பழகிப்போய் நாம் கவனிக்காமல் விட்டதை இன்னொரு கலை கேள்வியாக்கிக் கொடுக்கிறது.

இன்னும் சில எடுத்துக்காட்டுகள் சொல்கிறேன், எனக்கு இந்தப் படிப்பின் மேல் ஆசை வந்ததே இவற்றால்தான்.

ஆங்கில நாவலாசிரியர் வர்ஜீனியா வுல்ஃப் 1926-இல் சினிமாவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். டால்ஸ்டாயின் ‘அன்னா கரேனினா’ நாவலைப் படமாக்கியதைப் பற்றி அதில் குறைப்பட்டுக்கொள்கிறார். வாசகருக்கு அன்னாவை அவள் மனதின் உட்புறத்திலிருந்து தெரியும், படமோ அவள் பற்களையும் முத்துமாலையையும் வெல்வெட்டையும் காட்டுகிறது என்பது அவர் வாதம். ‘நாவல் மாதிரிப் படம் இல்லை’ என்று இன்றைக்கும் நாம் சொல்லும் புகாரின் மிகக் கூர்மையான வடிவம் அது. ஆனால் அதே கட்டுரையில் இன்னொரு இடம் இருக்கிறது. ஒரு படக்காட்சியில் திரையின் மூலையில் தலைப்பிரட்டை வடிவத்தில் ஒரு நிழல் தற்செயலாகத் தோன்றி, பெரிதாக வீங்கி, நடுங்கி, அடங்கியது. அச்சம் என்பதே அந்த வடிவத்தில் வந்ததுபோல் இருந்தது என்கிறார். கதையில் இல்லாத, யாரும் திட்டமிடாத ஒரு நிழல் அது. படத்துக்கென்று தனி மொழி இருக்கக்கூடும் என்று ஒரு நாவலாசிரியர் கண்டுபிடிக்கும் இடம். இலக்கிய வகுப்பில் முதல் பாதியை மட்டும் படித்தால் இது கிடைக்காது.

நாடகத்தில் நார்வே நாடகாசிரியர் இப்சனின் ‘பொம்மை வீடு’. 1879-இல் வெளிவந்தது. நோரா வீட்டைவிட்டு வெளியேறுகிறாள், கீழே கதவு சாத்தும் சத்தத்தோடு நாடகம் முடிகிறது. ஜெர்மனியில் அதை நடிக்கவிருந்த நடிகை, குழந்தைகளை விட்டுப் போகும் தாயாக நடிக்க மறுத்தார். தன் நாடகத்துக்கு அங்கே சட்டப் பாதுகாப்பு இல்லாததால் வேறு யாராவது முடிவை மாற்றிவிடுவார்கள் என்று இப்சனே மாற்று முடிவை எழுதிக் கொடுத்தார். அதில் நோரா போகவில்லை. அதைத் தன் நாடகத்தின் மீது செய்யப்பட்ட வன்முறை என்று அவரே சொன்னார். அச்சில் இருக்கும் பிரதி மட்டுமே நாடகம் என்று நினைத்திருந்த எனக்கு, நடிக்கிறவரின் விருப்பமும் சட்டமும் அரங்கின் பார்வையாளர்களும் அந்தப் பிரதிக்குள் கைவைக்க முடியும் என்று புரிந்தது அங்கேதான். அதன் பிறகு நாவலையும் படத்தையும்கூட அப்படியேதான் பார்க்கிறேன்.

மூன்றும் ஒரே இடத்தில் கூடுவதைப் பார்க்க வேண்டும் என்றால் ஜப்பானிய இயக்குநர் குரோசாவா 1957-இல் ‘மெக்பெத்’தைத் தழுவி எடுத்த ‘த்ரோன் ஆஃப் பிளட்’ படத்தைப் பாருங்கள். ஷேக்ஸ்பியரின் வசனத்தை அதில் தேடினால் கிடைக்காது. கவிதையாக இருந்த இடத்தில் ‘நோ’ என்னும் ஜப்பானிய மரபு முகமூடி நாடகத்தின் அசைவும் மௌனமும் வந்திருக்கின்றன. கொலைக்குத் தூண்டும் மனைவியின் முகம் நோ முகமூடிபோல அசையாமல் இருக்கிறது. அவள் நடக்கும்போது கேட்பது துணி உரசும் ஓசை. க்ளோசப் குறைவு, மேடையில் பார்ப்பதுபோலத் தள்ளி நின்றே பார்க்கிறோம். ஒரு நாட்டின் நாடகப் பிரதி இன்னொரு நாட்டின் அரங்க மரபுக்குள் புகுந்து படமாக வெளியே வருகிறது. இதைப் பற்றி எழுத எந்த ஒரு துறையின் கருவிகளும் தனியாகப் போதாது.

நம் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையையும் இந்தக் கண்ணோடு திரும்பப் படியுங்கள். ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று மேடைக்கு அளவு சொல்கிறது. மூன்று வகைத் திரைச்சீலைகளைச் சொல்கிறது. ‘தூண்நிழல் புறப்பட மாண்விளக்கு எடுத்து’ என்று ஒரு வரி வரும். தூண்களின் நிழல் ஆடுகளத்தில் விழாதபடி விளக்கை வைக்க வேண்டும் என்பது பொருள். பள்ளியில் இதை மனப்பாடப் பகுதியாகக் கடந்திருப்போம். மேடையில் ஒரு நாளாவது விளக்கைத் தூக்கிவைத்துப் பார்த்தவருக்கு, எழுதியவர் அரங்கத்தை எவ்வளவு நுட்பமாக அறிந்திருந்தார் என்று தெரிந்துவிடும். எனக்கு அந்த வரி இன்றும் சிலிர்ப்பு.

ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். இந்த மூன்றும் பல்கலைக்கழகத்துக்குள் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு வாசல் வழியாக வந்தவை. மாஸ்கோவின் திரைப்படப் பள்ளி 1919-இல் தொடங்கியது, அங்கே படம் ஒரு தொழில். பிரிட்டனில் பல்கலைக்கழக நாடகத் துறை முதன்முதலாகப் பிரிஸ்டலில் 1947-இல்தான் வந்தது. படத்தை ஆய்வுப் பொருளாகப் படிப்பது பல இடங்களில் இலக்கியத் துறைகளுக்குள்ளிருந்தே முளைத்தது. அதன் விளைவு இன்றும் தொடர்கிறது. படத்தை நாவல்போல நடத்தும் வகுப்புகள் நிறைய உண்டு. கதை, பாத்திரம், கருத்து என்று பேசி முடித்துவிடுவார்கள். ஒரு ஷாட் எவ்வளவு நேரம் நீடித்தது, ஒலி எங்கே நின்றது, காமரா எந்த உயரத்தில் இருந்தது என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். நாடகத்துக்கும் இதே கதிதான். உட்கார்ந்த இடத்திலேயே வாசித்து முடித்துவிடுவார்கள். இப்படி நடத்தினால் நீங்கள் படித்தது இலக்கியம் மட்டும்தான், மற்ற இரண்டும் பெயருக்கு.

வேலைப்பளு கூடுதல்தான். தடித்த நாவலும் ஒரு நாடகமும் ஒரு படமும் ஒரே வாரத்தில் வந்து நிற்கும், ஒத்திகை வேறு மாலையைத் தின்றுவிடும். படத்தை முதல்முறை எதுவும் குறிக்காமல் பாருங்கள், இரண்டாம் முறை ஒரே ஒரு காட்சியை எடுத்து ஷாட் ஷாட்டாக எழுதுங்கள். நாடகத்தை நின்றுகொண்டு, வாய்விட்டுப் படியுங்கள். நாவலுக்குக் குறுக்குவழி கிடையாது. இரண்டாம் ஆண்டுக்குள் மூன்றில் ஒன்றை உங்கள் சொந்த மண்ணாக முடிவுசெய்துவிடுங்கள், ஆய்வேடு அதில்தான் அமைய வேண்டும். நான் நாடகத்தைத் தேர்ந்தெடுத்தேன். மற்ற இரண்டும் அதற்கு உரமாக இருந்தனவே தவிர எடையைக் குறைக்கவில்லை.

வேலை விஷயம். இந்தப் பட்டம் உங்களை இயக்குநராகவோ ஒளிப்பதிவாளராகவோ ஆக்கிவிடாது. அதற்குக் கருவியைக் கையில் பிடித்துப் பழகும் தனிப் பயிற்சி வேண்டும். நாவலைத் திரைக்கதையாக்கும் பணி, திரைக்கதையைப் படித்துக் கருத்துச் சொல்லும் பணி, நாடகக் குழுவில் பிரதி ஆலோசகர், பதிப்பகம், சப்டைட்டில், திரைப்பட ஆவணக் காப்பகம், விமர்சனம், கற்பித்தல் என்று ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் இடங்களில்தான் இந்தப் படிப்பு நேரடியாகக் கைகொடுக்கும். பலவற்றில் தொடக்க வருமானம் குறைவு, நிலையில்லாதது. அதைத் தெரிந்துகொண்டே வாருங்கள்.

விண்ணப்பிக்கும் முன் அங்கே படிக்கும் ஒருவரிடம் சிலவற்றைக் கேளுங்கள். படங்களை எல்லோரும் சேர்ந்து பெரிய திரையில் பார்க்கிறீர்களா, அவரவர் கணினியிலா? ஒத்திகைக்கென்று மேசை நாற்காலி இல்லாத அறை இருக்கிறதா? மூன்று துறை ஆசிரியர்களும் சேர்ந்து நடத்தும் பாடம் ஒன்றாவது உண்டா? முடிந்தால் இறுதியாண்டின் பழைய வினாத்தாள் ஒன்றை வாங்கிப் பாருங்கள். ஒரே கேள்விக்குள் ஒரு நாவலும், அதன் மேடை வடிவமும், அதிலிருந்து எடுத்த படமும் வந்திருந்தால் தயங்காமல் சேருங்கள். மூன்று பகுதியாகப் பிரித்து, பகுதிக்கு இரண்டு கேள்வி என்று கேட்டிருந்தால் அந்த இடம் வேண்டாம். அதைவிட, நல்ல ஆசிரியர்கள் இருக்கும் ஒரு இலக்கியத் துறையில் சேர்ந்து, மாலையில் ஒரு நாடகக் குழுவிலும் திரைப்படச் சங்கத்திலும் இணைந்துகொள்வது மேல்.