பேருந்தில் வந்த பெயர்

அன்புள்ள ஐயா,

எங்கள் குலதெய்வம் மேல்மலையனூர் அங்காளம்மன். சிறுவயதில் பாட்டி என்னை முருகனைக் கும்பிடப் பழக்கினார். ஜாதகம் பார்த்தவரோ துர்க்கையை உபாசிக்கச் சொல்கிறார். இரண்டு ஆண்டுகளில் நான்கு மந்திரங்களை மாற்றிவிட்டேன். எதிலும் மனம் நிற்கவில்லை. தினசரி ஜபத்துக்கு எந்தத் தெய்வத்தைக் கொள்வது? சென்ற மாதம் நான் வந்த பேருந்து மழையில் சறுக்கியபோது, என்னை அறியாமல் "முருகா" என்றுதான் கத்தினேன். ஆனால் முருகனைக் கொண்டால் அங்காளம்மனைக் கைவிட்டதாக ஆகாதா?

அன்புள்ள சகோதரிக்கு,

நான்கு மந்திரங்களை மாற்றியதாக எழுதியிருந்த வரி என்னை வருத்தியது. எந்தத் தெய்வம் விரைவில் பலன் தரும் என்று பிறர் சொல்லக் கேட்டே ஒவ்வொரு முறையும் மாறியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நாம் விரும்பி வழிபடக் கொள்ளும் தெய்வத்தை இஷ்ட தெய்வம் என்கிறோம்; இஷ்டம் என்றால் விருப்பம். பதஞ்சலியின் யோகசூத்திரம் இரண்டாம் பாதத்தில், 44ஆம் சூத்திரம், ஸ்வாத்யாயத்தால், அதாவது மறைநூல்களைத் தானே ஓதிப் பயில்வதால், இஷ்ட தெய்வத்தோடு கூடுதல் வாய்க்கும் என்கிறது. ஸ்வாத்யாயம் என்பதற்கு வியாசரின் உரை பிரணவம் (ஓம்) முதலியவற்றின் ஜபத்தையும் பொருளாகக் கொள்கிறது. சொல்லச் சொல்லத்தான் நெருக்கம் உண்டாகும் என்றால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெயரை மாற்றுபவருக்கு அந்த நெருக்கம் எப்படி வாய்க்கும்?

ஜாதகத்தின் ஐந்தாம் இடத்தைக் கொண்டு உபாசனா தெய்வத்தைச் சொல்லும் வழக்கத்தை நான் இகழவில்லை. எந்த உருவத்தின் மீதும் பற்று எழாதவருக்கு அது தொடக்கமாக உதவலாம். உங்களுக்கு அது தேவையில்லை. பாட்டி விதைத்த பெயர், யோசிக்க அவகாசமே இல்லாத ஒரு கணத்தில், தானே உங்கள் வாயில் வந்துவிட்டது.

அங்காளம்மனைப் பற்றிய உங்கள் அச்சத்துக்கு ஸ்மார்த்த மரபின் பஞ்சாயதன பூஜையைச் சொல்ல விரும்புகிறேன். அதில் நர்மதையில் கிடைக்கும் பாணலிங்கம் சிவனாகவும், கண்டகி ஆற்றின் சாளக்கிராமம் திருமாலாகவும் அமைய, அம்பிகை, சூரியன், விநாயகர் ஆகியோரும் சேர்ந்து ஐவர் ஒரே தட்டில் எழுந்தருள்வர். வழிபடுபவர் தம் இஷ்ட தெய்வத்தை நடுவில் வைத்து, மற்ற நால்வரையும் சுற்றி இருத்துவார். நடுவில் இருப்பவர் வீட்டுக்கு வீடு மாறலாம், ஆனால் எவரும் தட்டிலிருந்து இறக்கப்படுவதில்லை. அங்காளம்மனோ உங்கள் முன்னோர் வழியாக வந்த தாய். அமாவாசை இரவில் நடக்கும் ஊஞ்சல் உற்சவத்துக்கு முடிந்தபோதெல்லாம் சென்று வாருங்கள். பார்வதியின் வடிவமாகவே வணங்கப்படும் அவள், தன் பிள்ளையின் பெயரை நீங்கள் சொல்வதற்காக வருந்தமாட்டாள்.

ஹ்ரீம், க்லீம் போன்ற பீஜாட்சரங்கள் (வித்தெழுத்துகள்) சேர்ந்த மந்திரங்களைக் குருவின் உபதேசமின்றி எடுக்க வேண்டாம். நாம ஜபத்துக்குத் தீட்சை வேண்டியதில்லை; பாட்டி சொல்லிக்கொடுத்த பெயரையே கொள்ளுங்கள். தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், 108 முறை, ஒரு மண்டலமாகிய 48 நாள் சொல்லுங்கள். முதலில் உதடு மட்டும் அசையும் உபாம்சுவாகச் சொல்லலாம். மனத்துக்குள் சொல்லும் மானச ஜபத்துக்கு இப்போதே அவசரப்பட வேண்டாம். இடையில் எண்ணம் எங்காவது ஓடிவிட்டால் முதலிலிருந்து தொடங்காமல், விரல் நிற்கும் மணியிலிருந்தே தொடருங்கள். 48ஆம் நாள் முடிந்ததும் எனக்கு எழுதுங்கள்.