எஸ்ஜிபிடி ஏறும் முன்பே கல்லீரல் பாதிப்பை ஒளிரும் சாயம் காட்டுமா?

கேள்வி: வயது 34. பல்வலி தாங்காமல் மூன்று நாள், நாளுக்கு எட்டு என்று 650 மி.கி. பாராசிட்டமால் போட்டேன். சாப்பாடும் சரியாக இறங்கவில்லை. அப்போது கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான எஸ்ஜிபிடி 68. இரண்டு வாரம் கழித்து 31. ரத்தத்தில் தெரியாத பாதிப்பையும் ஒளிரும் சாயம் செலுத்திப் படமெடுக்கலாம் என்று படித்தேன். எங்கே செய்துகொள்ளலாம்?

பதில்: நீங்கள் படித்தது ஆய்வுக்கூட எலிகளுக்குச் செய்வது. மருத்துவமனைப் பரிசோதனையாக அது கிடையாது. உங்களுக்குத் தேவையும் இல்லை.

எட்டு மாத்திரை என்றால் 5,200 மி.கி. பெரியவர்களுக்கு ஒரு நாள் உச்சவரம்பே 4,000தான். பாராசிட்டமாலில் ஒரு சிறு பங்கு கல்லீரலில் நச்சுப்பொருளாக மாறும். அதைப் பிடித்து வெளியேற்றுவது கல்லீரல் செல்களில் உள்ள குளூட்டாதயோன் என்ற பொருள். பட்டினி கிடந்தால் அதன் கையிருப்பு குறையும்; பல்வலிக்காரர்கள் சிக்குவது இங்கேதான். இருப்பு தீர்ந்ததும் நச்சு, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவைத் தாக்க, அங்கே சூப்பராக்சைடும் நைட்ரிக் ஆக்சைடும் சேர்ந்து பெராக்சிநைட்ரைட் என்ற தீவிர ஆக்சிஜனேற்றி உருவாகிறது. அதனோடு வினைபுரிந்தால் மட்டும் ஒளிரும்படி செய்யப்பட்டவை அந்தச் சாயங்கள்.

எலியை இரவு முழுக்கப் பட்டினி போட்டு, எடையில் கிலோவுக்கு 300 மி.கி. அளவில் பாராசிட்டமால் கொடுப்பார்கள். பிறகு வால் ரத்தக்குழாயில் சாயம் ஏற்றி, வயிற்று முடியை மழித்து, மயக்க நிலையில் இருட்டுப் பெட்டிக்குள் கேமராவின் கீழ் கிடத்துவார்கள். எஸ்ஜிபிடி ஏற கல்லீரல் செல்கள் உடைந்து கசிய வேண்டும். சாயம் அதற்கு முந்தைய கட்டத்தையே பிடித்துவிடும்.

ஆனால் ஏமாற்றவும் செய்யும். தீவனத்தில் உள்ள பச்சையம்கூட ஒளிரும் என்பதால் தீவனத்தையே மாற்ற வேண்டியிருக்கும். பழைய டிசிஎஃப் சாயம் எந்த மூலக்கூறைப் பிடித்தது என்று சொல்லாது. வெளிச்சம் பட்டாலே தானாக ஒளிரத் தொடங்கிவிடும். பெரிய சிக்கல் வேறு. ஏற்றிய சாயத்தைச் சேர்த்துவைத்துக் கழிப்பதே கல்லீரலின் வேலை. அடிபட்ட கல்லீரல் மெதுவாகக் கழிக்கும். பிரகாசம் கூடினால் அது ஆக்சிஜனேற்ற அழுத்தமா (பெராக்சிநைட்ரைட் போன்றவை பெருகுவது), வெறும் சாயத் தேக்கமா? சாயம் மட்டும் ஏற்றிய எலி ஒன்று, குளூட்டாதயோனை மீட்கும் மாற்று மருந்தான என்-அசிட்டைல் சிஸ்டீனை முன்கூட்டியே கொடுத்த எலி ஒன்று, இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாத படத்தை நான் நம்பமாட்டேன்.

மனிதரிடம் தடை இன்னும் எளிமையானது. எலியின் கல்லீரல் தோலுக்குச் சற்று அடியிலேயே இருக்கிறது. நமக்கோ தோல், கொழுப்பு, தசை, விலா எலும்பு எல்லாம் தாண்டி உள்ளே. அகச்சிவப்பை ஒட்டிய ஒளியும் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டருக்குள் மங்கிவிடும். கல்லீரல் அறுவை சிகிச்சையில் பயன்படும் ஐசிஜி சாயம் ரத்த ஓட்டத்தையும் பித்த வழியையும் காட்டும்; ஆக்சிஜனேற்றத்தை அல்ல.

உங்கள் எஸ்ஜிபிடி 31க்கு இறங்கிவிட்டது. பாராசிட்டமாலால் வந்த திடீர் பாதிப்பு ஆறினால் பொதுவாகத் தழும்பு வைக்காது. மாத்திரை இல்லாமலே மறுபடி ஏறினால் கொழுப்புக் கல்லீரல், ஹெபடைட்டிஸ் பி, சி ஆகியவற்றைத் தேட வேண்டும்.

இன்னொரு முறை அளவு மீறினால் எஸ்ஜிபிடிக்காகக் காத்திருக்காதீர்கள். முதல் நாளில் அது இயல்பாகவே இருக்கலாம். சளி மாத்திரைகளிலும் பாராசிட்டமால் இருக்கும், அதையும் கணக்கில் சேர்த்து, அட்டைகளோடு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஒரே நேரத்தில் அதிகமாக விழுங்கியவருக்கு எட்டு மணி நேரத்துக்குள் என்-அசிட்டைல் சிஸ்டீன் ஏற்றினால் பலன் மிக அதிகம். உங்களைப்போல் நாள்கணக்கில் விழுங்கியவருக்கு, ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்து முடிவெடுக்கும் வழக்கமான வரைபடம் பொருந்தாது. அதனால் எந்த மணிக்கு எத்தனை மாத்திரை என்று எழுதி எடுத்துச் செல்லுங்கள்.