பூட்டுக் கத்தியா, பல கருவிப் பேனாக்கத்தியா?

கேள்வி: பையில் எப்போதும் ஒரு சின்னக் கத்தி இருக்கட்டும் என்று தேடிக்கொண்டிருக்கிறேன். கடைசியில் இரண்டில் வந்து நிற்கிறது. ஒன்று, விரித்ததும் பூட்டிக்கொள்ளும் மடக்குக் கத்தி, ஒரே பிளேடு. இன்னொன்று, கத்தரி, ஸ்க்ரூ டிரைவர், டப்பா திறப்பான், ரம்பம் எல்லாம் அடங்கிய ஸ்விஸ் வகைப் பேனாக்கத்தி, ஆனால் அதில் பிளேடுக்குப் பூட்டு கிடையாது. விலை ஏறக்குறைய ஒன்றுதான். பூட்டு இல்லாத கத்தி என்றைக்காவது விரலைப் பதம் பார்த்துவிடும் என்று நண்பர் மிரட்டுகிறார். எதை வாங்குவது?

பதில்: நண்பர் சொல்வதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்று தெரிந்துவிட்டால் உங்கள் கேள்விக்கே பாதி விடை கிடைத்துவிடும்.

பூட்டு இல்லாத பேனாக்கத்தியில் பிளேடை விரித்த நிலையில் நிறுத்தி வைப்பது கைப்பிடியின் முதுகோரம் ஓடும் ஒரு ஸ்பிரிங் பட்டை, அவ்வளவுதான். ஒரு கயிற்றை அறுக்கிறீர்கள் என்றால் எதிர்விசை கூர் பக்கத்திலிருந்து வருகிறது, அது பிளேடை இன்னும் விரிக்கத்தான் பார்க்கும், மடக்காது. ஆகவே சாதாரணமாக வெட்ட, சீவ, பிரிக்கப் பூட்டு வேண்டியதே இல்லை. சிக்கல் வருவது மூன்று சமயங்களில்: நுனியால் குத்தித் துளை போடும்போது, பிளேடின் முதுகின் மேல் அழுத்தம் விழும்போது, அப்புறம் கெட்டியான ஒன்றில் ஆழமாக இறங்கிவிட்ட பிளேடை ஆட்டி ஆட்டி வெளியே இழுக்கும்போது. இந்த மூன்றில்தான் ஸ்பிரிங் தோற்றுப்போய் பிளேடு உங்கள் விரலை நோக்கி மடங்கும்.

எனக்கு இது பட்டுத்தான் தெரிந்தது. பெல்ட்டில் கூடுதலாக ஒரு துளை வேண்டியிருந்தது. மேசையில் பெல்ட்டை வைத்து, பேனாக்கத்தியின் நுனியைத் தோலில் ஊன்றித் திருகினேன். நுனி தோலில் கவ்விக்கொண்டது, மணிக்கட்டு கொஞ்சம் சாய்ந்தது, ‘டப்’ என்று பிளேடு மடங்கி ஆள்காட்டி விரலின் நடுக்கணுவில் இறங்கிவிட்டது. தழும்பு இன்னும் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் தோலில் துளை போடுவதற்கென்றே ஒரு குத்தூசி அதே கத்தியின் முதுகுப் பக்கம் மடங்கிக் கிடந்தது, அதை நான் திறக்கவே இல்லை. தப்பைக் கத்தியின் மேல் போட எனக்கு வழியே இல்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். நான் சொல்லும் யோசனை கொஞ்சம் சிறுபிள்ளைத்தனமாகத் தெரியலாம், ஆனால் செய்து பாருங்கள். இன்னும் ஒரு வாரம் எதையும் வாங்காதீர்கள். ‘இப்போது கையில் ஒன்று இருந்தால் தேவலையே’ என்று தோன்றும் ஒவ்வொரு தடவையும் போனில் ஒரு வரி குறித்துக்கொள்ளுங்கள். பார்சல் டேப், புதுச் சட்டையில் தொங்கும் அட்டையின் நூல், மூக்குக்கண்ணாடியில் தளர்ந்துபோன திருகு, பொம்மையின் பேட்டரி மூடி, பிய்ந்த நகம் என்று பட்டியல் போனால் உங்களுக்கு வேண்டியது பல கருவிப் பேனாக்கத்தி. என் கணிப்பு, முக்கால்வாசிப் பேருக்குப் பட்டியல் இப்படித்தான் வரும், அதிலும் அதிகம் வேலை வாங்குவது கத்தரியாக இருக்கும், பிளேடு இல்லை. நான்கு பேர் நடுவில் கத்தியை விரித்தால் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள், கத்தரியை எடுத்தால் யாரும் பார்ப்பதில்லை என்பதும் ஒரு சௌகரியம்.

பட்டியலில் தடித்த கயிறு, கிளை, அட்டைப்பெட்டிக் குவியல், பழைய தரைவிரிப்பு, தோட்டத்து ரப்பர் குழாய் என்று வந்தால் பேச்சே வேண்டாம், பூட்டுள்ள ஒற்றைப் பிளேடு. பூட்டு மட்டுமே இதற்குக் காரணம் இல்லை. பல கருவிக் கத்தியின் கைப்பிடி தட்டையானது, மடங்கிக் கிடக்கும் கருவிகளின் விளிம்புகள் எல்லாம் உள்ளங்கைப் பக்கம் வரிசையாக நிற்கும். ஒரு பெட்டி வெட்டும்போது தெரியாது. இருபதாவது பெட்டிக்கு உள்ளங்கையில் சிவப்புக் கோடுகள் விழுந்திருக்கும். ஒற்றைப் பிளேடு கத்தியில் கைப்பிடியைக் கைக்கென்றே வளைத்துச் செய்ய இடம் இருக்கிறது. ஒரு கையால் விரிக்க முடிவதும் அதில் சாதாரணம், இன்னொரு கை கயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதுதான் அதன் அருமை தெரியும். பேனாக்கத்தியில் நகத்தை ஒரு சின்னப் பள்ளத்தில் மாட்டி இழுக்க வேண்டும், கையுறையோ ஈரக் கையோ என்றால் பல்லைத்தான் கடிக்க வேண்டியிருக்கும்.

இரண்டும் வேண்டும் என்கிறவர்களுக்கு நடுவழி ஒன்றும் உண்டு. ஸ்விஸ் கத்தி நிறுவனமான விக்டோரிநாக்ஸின் வழக்கமான 91 மி.மீ. (மடக்கிய நிலையில் நீளம்) கத்திகளில் பிளேடுக்குப் பூட்டு கிடையாது, ஆனால் அவர்களுடைய 111 மி.மீ. வரிசையில் பூட்டும் உண்டு, கருவிகளும் உண்டு. ஸ்விட்சர்லாந்து ராணுவமே 1961 முதல் வீரர்களுக்குப் பூட்டில்லாத 93 மி.மீ. கத்தியைத்தான் கொடுத்துவந்தது. பிறகு 2009 முதல் ஒரு கையால் விரித்துப் பூட்டும் 111 மி.மீ. கத்திக்கு மாறியது. ஆக நண்பரின் கட்சிக்கு ஒரு ராணுவத்தின் ஆதரவே இருக்கிறது! ஆனால் 111 கொஞ்சம் பெரியது, கால்சட்டைப் பையில் இருப்பது நடக்கும்போது தெரியும். 91 மி.மீ.யில் இரண்டு பிளேடு உள்ள மெல்லிய மாடல் 60 கிராம்தான், இருப்பதே மறந்துவிடும். பையில் மறந்துபோகிற கத்திதான் தேவைப்படும்போது பையில் இருக்கும், கனமானது ஒரு மாதத்தில் மேசை டிராயருக்குப் போய்விடும்.

ஒன்றுதான் வாங்கப்போகிறீர்கள், பட்டியல் போடப் பொறுமையும் இல்லை என்றால்: கத்தரி உள்ள 91 மி.மீ. கத்தியை வாங்குங்கள், குத்துகிற வேலைக்குக் குத்தூசியை எடுங்கள்.

கேள்வி: அப்படியானால் 30க்கும் மேற்பட்ட கருவிகள் உள்ள பெரிய மாடலையே வாங்கிவிடலாமே? அல்லது நடுவில் குறடு உள்ள மல்டி டூல்?

பதில்: முதலாவது வேண்டாம். ஸ்விஸ் சாம்ப் என்கிற 33 வேலை மாடல் 185 கிராம், தடிமன் ஒரு சின்ன செங்கல் மாதிரி. பார்க்க ஆசையாக இருக்கும், எனக்கும் இருந்தது. கைக்கு அடங்காத தடிமனில் பிளேடை வைத்துக்கொண்டு நேராக ஒரு கோடு வெட்டிப் பாருங்கள், புரியும்.

குறடு உள்ளது வேறு ஜாதி. டிம் லெதர்மேன் என்ற அமெரிக்கர் 1975இல் ஒரு பழைய ஃபியட் காரில் ஐரோப்பாவைச் சுற்றினார். கார் படுத்தும்போதெல்லாம் பேனாக்கத்தியில் ஒரு குறடு இல்லையே என்று வெறுத்துப்போய், ஊர் திரும்பி அவர் யோசித்துச் செய்ததுதான் அது, விற்பனைக்கு வந்தது 1983இல். அதாவது பிறந்ததே ரிப்பேர் வேலைக்காக. சைக்கிள், பைக், குழாய், வயர் என்று உங்கள் நாள் போகிறது என்றால் அதற்கு ஈடு இல்லை. லெதர்மேனின் வேவ் ப்ளஸ் மாதிரி முழு அளவு மாடல்களில் பிளேடுக்குப் பூட்டும் இருக்கும். ஆனால் அது ஏறக்குறைய 240 கிராம், இடுப்பில் உறை மாட்டித்தான் சுமக்க வேண்டும். வெட்டுவதற்காக மட்டும் அதை வாங்காதீர்கள்.

கேள்வி: பூட்டுக் கத்தி என்று முடிவு செய்துவிட்டேன். லைனர் லாக், பேக் லாக், வளையம் என்று என்னென்னவோ சொல்கிறார்கள். எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: லைனர் லாக்கில் கைப்பிடிக்குள் ஒரு மெல்லிய தகடு இருக்கும். பிளேடு முழுதாக விரிந்ததும் அது உள்பக்கம் துள்ளி, பிளேடின் அடிக்குப் பின்னால் முட்டுக்கொடுத்து நிற்கும். மடக்க, கட்டைவிரலால் தகட்டைப் பக்கவாட்டில் தள்ள வேண்டும். இங்கே கவனம்: தள்ளுகிற அந்தக் கட்டைவிரல் பிளேடு மடங்கி வரும் வழியிலேயே இருக்கிறது. பிளேடு கொஞ்சம் அசைந்ததும் விரலை எடுத்துவிட்டு அப்புறம் மடக்கப் பழகிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் வலது கைக்காரர்களை நினைத்துச் செய்திருப்பார்கள், இடது கைக்காரர்கள் திணறுவார்கள். பேக் லாக்கில் கைப்பிடியின் முதுகில் ஒரு நெம்பு, அதை அமுக்கினால் பிளேடு விடுபடும். எந்தக் கைக்கும் சரி, விரலும் வழியில் இல்லை. 1964இல் வந்த பக் 110 என்ற கத்தி இதற்குப் பேர்போனது, ஆனால் 200 கிராம் கனம்.

என்னைக் கேட்டால் முதல் பூட்டுக் கத்தியாக ஓபினெல் 8ஆம் எண் போதும். பிரான்ஸில் 1890 முதல் செய்துவருகிறார்கள். கழுத்தில் இருக்கும் உலோக வளையத்தைத் திருகினால் பூட்டிக்கொள்ளும், அந்த வளையம் 1955இல் சேர்ந்தது. 8.5 செ.மீ. பிளேடு, மரக் கைப்பிடி, சட்டைப்பையில் போட்டால்கூடக் கனம் தெரியாது. குறை என்றால் இரண்டு: நீங்களாகத் திருகினால்தான் பூட்டு, மறந்தால் அதுவும் பூட்டில்லாத கத்திதான். ஈரம் பட்டால் மரம் உப்பிக்கொண்டு பிளேடு வெளியே வர அடம்பிடிக்கும்.

எதை வாங்கினாலும் கையில் வாங்கி விரித்து, பிளேடை மேலும் கீழுமாக அசைத்துப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிறகு விரல்களைக் கூர் வரும் வழியிலிருந்து விலக்கிக்கொண்டு பிளேடின் முதுகை மெதுவாக அழுத்துங்கள், பூட்டு நழுவக் கூடாது. முதுகை மேசையில் படார் படார் என்று அடித்துக் காட்டும் வீடியோக்களைப் பார்த்து நீங்களும் அடிக்காதீர்கள், நல்ல பூட்டும் கெட்டுப்போகும்.

கேள்வி: எஃகின் பெயரையும் எண்ணையும் சொல்லிக் கூடுதல் விலை கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: நீங்களே தீட்டத் தெரிந்தவராக இருந்தால் வேண்டாம். ஸ்விஸ் கத்தி பிளேடின் கடினம் ராக்வெல் அளவில் 56 அளவில்தான் இருக்கும். சீக்கிரம் மழுங்கும், ஆனால் சாதாரணக் கல்லில் ஐந்து நிமிடத்தில் திரும்பக் கூர் வந்துவிடும். 60க்கு மேல் போகிற எஃகு ரொம்ப நாள் தாங்கும், மழுங்கிய பிறகு அதைத் தீட்டக் கல்லும் பொறுமையும் வேறு வேண்டும்.

கேள்வி: வெளியூர், வெளிநாடு போகும்போது எடுத்துப் போகலாமா?

பதில்: விமானத்தில் கைப்பையில் எதுவும் வேண்டாம், செக்-இன் பெட்டியில் போடுங்கள். தரையில் நாட்டுக்கு நாடு விதி மாறுகிறது. பிரிட்டனில் வெட்டும் கூர் 3 அங்குலத்துக்கு மேல் போகாத, பூட்டில்லாத மடக்குக் கத்தியைப் பொது இடத்தில் காரணம் சொல்லாமலே வைத்திருக்கலாம். அதே நீளத்தில் பூட்டு இருந்தால் தக்க காரணம் காட்ட வேண்டும், இல்லையென்றால் குற்றம். ஜெர்மனியில் ஒரு கையால் விரித்துப் பூட்டும் கத்திக்கு 2008 முதல் இதே மாதிரிக் கெடுபிடி. விரலைக் காப்பாற்றுகிற அதே பூட்டு, சட்டத்தின் கண்ணில் கத்தியை ஆயுதத்துக்கு ஒரு படி அருகில் கொண்டுபோய்விடுகிறது. அதனால் வாங்கும் முன்பே, நீங்கள் இருக்கிற இடத்தின் விதியையும் போகிற இடத்தின் விதியையும் பார்த்துவிடுங்கள். எங்கே போவோம் என்று தெரியாதவருக்குப் பூட்டில்லாத சின்னக் கத்திதான் தலைவலி குறைவு.

கேள்வி: பழைய பேனாக்கத்தி ஒன்று இருக்கிறது. நகமே பிய்ந்துவிடும் போல இறுக்கம். தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கவா?

பதில்: அவசரப்படாதீர்கள். வெந்நீரில் கொஞ்சம் சோப்பு விட்டு, ஒவ்வொரு கருவியையும் தண்ணீருக்குள் வைத்தே பத்துப் பதினைந்து தடவை விரித்து மடக்குங்கள். பையில் சேர்ந்த பஞ்சும் மண்ணும் கறுப்பாகக் கரைந்து வெளியே வரும். நன்றாகத் துடைத்து உலரவிட்டு, கீல்களில் தையல் மெஷினுக்கு விடுகிற எண்ணெய் ஒரு சொட்டு. சமையல் எண்ணெய் விடாதீர்கள், நாளாக ஆகப் பிசினாகி இன்னும் இறுகும். இந்தப் பஞ்சு விஷயம் பூட்டுக் கத்தி வைத்திருப்பவர்களுக்கும்தான்: லைனர் லாக் முட்டுக்கொடுக்கும் இடத்தில் பஞ்சு அடைத்துக்கொண்டால் தகடு முழுதாக உள்ளே போகாது, பூட்டியதுபோலத் தோன்றும், பூட்டியிருக்காது. மாதம் ஒரு தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஒரு பல்குச்சியால் கிளறிவிடுங்கள்.